அப்பா விட்டுப்போன வீடு: வாடகைக்கா, ஒத்திக்கா, விற்பதா?

கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு அக்கா போன வாரம் போன் செய்தார். மதுரையில் அப்பா கட்டிய வீடு. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவைத் தன்னோடு அழைத்து வந்துவிட்டார், பெரிய தம்பி சென்னையில், சின்னவர் துபாயில், வீடு பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு விட்டு மாசாமாசம் அம்மா கையில் கொடுக்கலாம் என்பது பெரியவர் கட்சி. யார் இதையெல்லாம் ஓடி ஓடிப் பார்ப்பது, விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்பது சின்னவர் கட்சி. அம்மாவோ, பக்கத்துத் தெருக்காரர் ஒத்திக்கு, அதாவது லீஸுக்கு, கேட்கிறார், மொத்தமாகப் பணம் வரும், வீடும் நம்முடையதாகவே இருக்கும் என்கிறாராம். ‘மூணுல எதுங்க நல்லது?’ என்று கேட்டார்.

இதே கேள்வியை வேறு வேறு ஊர்ப் பெயரோடு நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே பதில் என்னிடம் இல்லை. ஆனால் மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பேசுவதிலேயே ஒரு கோளாறு இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை வருமானம், கிரயம் விற்பனை, ஒத்தி கடன். ஒத்திக்கு விடுகிற பலர் தாங்கள் கடன் வாங்குகிறோம் என்று நினைப்பதே இல்லை, வீட்டுக்கு நல்ல ‘ரேட்’ கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறார்கள். கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கீழே வரும் சட்ட விவரமெல்லாம் தமிழ்நாட்டுக்கு உரியது.

## கணக்குப் போடும் முன்

முதலில், அந்த வீடு உங்களுக்கு எப்போது திரும்ப வேண்டும்? இரண்டு வருஷத்தில் அம்மா ‘என் வீட்டுக்கே போறேன்’ என்று சொல்லக்கூடும் என்றால் அதற்கு ஒரு பதில், யாருமே இனி அந்த ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்றால் அதற்கு வேறு பதில். இந்தக் கேள்வியைக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, கேட்டால் சண்டை வரும் என்று. கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, தேவை மொத்தப் பணமா, மாதப் பணமா? கல்யாணம், ஆபரேஷன், அடைக்க வேண்டிய கடன் என்று குறிப்பிட்ட தேவை இருந்தால் மொத்தப் பணம். அம்மாவின் மருந்துச் செலவும் கைச்செலவும்தான் என்றால் மாதப் பணமே போதும்.

மூன்றாவதுதான் பெரிய கேள்வி, பேப்பர் யார் பேரில் இருக்கிறது? அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவரும், எல்லோருக்கும் சமபங்கு. கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு நகை போட்டுவிட்டோம், அதனால் பங்கு இல்லை என்கிற பேச்சு வீட்டுக் கூடத்தில் எடுபடலாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுபடாது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. எந்த முடிவு எடுத்தாலும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் முதலில் கையில் வரட்டும், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதாக இருந்தால் விடுதலைப் பத்திரம் போட வேண்டும். குடும்பத்துக்குள் என்பதால் அதன் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, கிரயத்துக்கு ஆகிற அளவு ஆகாது.

நான்காவது, உள்ளூரில் ஆள் உண்டா? மோட்டார் ரிப்பேர் என்று ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்தால் போய்ப் பார்க்க ஒரு மச்சானோ பழைய பக்கத்து வீட்டுக்காரரோ இருக்கிறாரா?

கடைசியாகத்தான் பணம். அதிலும் கைக்கு வருகிற பணத்தைப் பார்க்காதீர்கள், செலவு போகக் கையில் நிற்கிற பணத்தைப் பாருங்கள். புரிவதற்காக ஒரே வீட்டை வைத்துப் பேசுவோம். விற்றால் 60 லட்சம் போகும், வாடகைக்கு விட்டால் மாதம் 15,000 வரும், ஒத்திக்கு 12 லட்சம் தருகிறார்கள். கணக்குக்காக நானாக எடுத்துக்கொண்ட எண்கள் இவை, உங்கள் வீட்டு எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## வாடகைக்கு விட்டால்

மாதம் 15,000 என்றால் வருஷம் 1,80,000. அப்படித்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதம் போகும். வெள்ளையடிக்க வேண்டும், குழாய் மாற்ற வேண்டும், புரோக்கருக்குக் கொடுக்க வேண்டும். வருஷத்துக்குச் சராசரியாக ஒரு மாத வாடகையும் இன்னொரு 21,000 ரூபாயும் இப்படிப் போகிறது என்று வைத்தால் கையில் நிற்பது 1,44,000. 60 லட்சம் பெறும் சொத்துக்கு இது 2.4 சதவீதம். வங்கியில் போட்டால் இதைவிடக் கூடுதலாக வரும் என்று சின்னத் தம்பி சொல்வது சரிதான். ஆனால் வங்கியில் போட்ட பணத்துக்கு அடியில் மனை இல்லை.

வரி விஷயத்தில் வாடகை கொஞ்சம் கனிவானது. நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று ரசீது எதுவும் காட்டாமலே கழித்துக்கொள்ளலாம். வாரிசுகள் நான்கைந்து பேர் என்றால் அவரவர் பங்கு அவரவர் வருமானத்தில் சேரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1960இல் வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017இல் இயற்றிய வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். இங்கேதான் பதினோரு மாத அக்ரிமெண்ட்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பது 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டம், அதிலிருந்து தப்பிக்கத்தான் பதினோரு மாதம் என்கிற வழக்கமே வந்தது. புதுச் சட்டத்தில் பதினோரு மாத ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். பதியாத காகிதத்தை நாளைக்குச் சண்டை என்று வரும்போது சான்றாக நீட்ட முடியாது.

அட்வான்ஸுக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு மூன்று மாத வாடகை. ஊர் வழக்கத்தில் ஐந்து, ஆறு, சில இடங்களில் பத்து மாதம் கேட்கிறார்கள், தெரிந்ததே. அதிகம் வாங்கினால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ஆனால் அந்த அட்வான்ஸை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு, குடியிருப்பவர் காலி செய்கிறேன் என்று சொன்னதும் அலைகிற வீட்டுக்காரர்கள் எத்தனை பேர்! அது வேறொருவர் பணம், தனிக் கணக்கில் கிடக்கட்டும்.

வாடகை தரவில்லை என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது சட்டப்படி தவறு, அதைச் செய்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு அவர் பக்கம் போய்விடும். வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வாடகை பாக்கி, கேட்காமல் உள்வாடகைக்கு விட்டது, சொந்தத் தேவை, இடித்துக் கட்டுவது போன்ற காரணங்களுக்குக் காலி செய்யச் சொல்லிக் கேட்கலாம், பதிவு செய்த ஒப்பந்தம் கையில் இருந்தால் வேலை சுலபம்.

அப்புறம் அந்தப் பன்னிரண்டு வருஷப் பயம். ஒருவர் பன்னிரண்டு வருஷம் குடியிருந்துவிட்டால் வீடு அவருடையதாகிவிடும் என்று ஊரெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் அனுமதியோடு, வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்கு அது பொருந்தாது. ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை, வாடகையும் பல வருஷமாக வாங்கவில்லை என்கிற சொந்தக்காரர் கேஸ்களில்தான் தலைவலி. வாடகையை வங்கிக் கணக்கில் வாங்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொன்று. மின்கட்டணப் பாக்கியை வைத்துவிட்டு அவர் போய்விட்டால் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது, நீங்கள்தான் கட்ட வேண்டும். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே ரீடிங் எடுக்கிறார்கள், ஒருவர் நடுவில் காலி செய்தால் கடைசி நாள் மீட்டரைப் போட்டோ எடுத்துக் கணக்கை முடித்த பிறகு அட்வான்ஸைக் கொடுங்கள்.

## ஒத்திக்கு விட்டால்

மதுரை, நெல்லைப் பக்கம் ஒத்தி, வேறு சில ஊர்களில் போக்கியம், இப்போது எல்லா ஊரிலும் ‘லீஸ்’. ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொள்கிறீர்கள், அவர் வாடகை இல்லாமல் குடியிருக்கிறார், கெடு முடிந்ததும் அதே தொகையை வட்டி இல்லாமல் திருப்பித் தருகிறீர்கள். வட்டிக்குப் பதில் வாடகை கழிகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் நீங்கள் எத்தனை வட்டிக்குக் கடன் வாங்குகிறீர்கள்? வாடகைக்கு விட்டிருந்தால் கையில் நின்றிருக்கும் 1,44,000 ரூபாயை 12 லட்சத்தால் வகுத்தால் 12 சதவீதம், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. இந்த ஒரு வகுத்தலைச் செய்துவிட்டால் பாதி விவாதம் முடிந்துவிடும். அந்த 12 லட்சத்தை வைத்து மூன்று வட்டிக் கடனை அடைக்கப் போகிறீர்களா, தாராளமாக ஒத்திக்கு விடுங்கள், லாபம்தான். வங்கியில் டெபாசிட் போட்டு வைக்கப் போகிறீர்களா? 7 சதவீதம் என்றாலும் வருஷத்துக்கு 84,000தான் வரும், வாடகையை விட்டதில் 60,000 நஷ்டம். நகை கையில் இருந்தால் வங்கி நகைக் கடனின் வட்டியையும் இந்த 12 சதவீதத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 2013இல் அக்கா கல்யாணத்துக்காக எங்கள் பழைய வீட்டை 5 லட்சத்துக்கு மூன்று வருஷம் ஒத்திக்கு விட்டோம். இருபது ரூபாய் பத்திரத்தாளில் எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து, பதிவெல்லாம் கிடையாது. பணம் கல்யாணத்தில் கரைந்தது. 2016 ஜூனில் அவர் வந்து, வேறு வீடு பார்த்துவிட்டேன், அடுத்த மாதம் பணம் வேண்டும் என்றார். நியாயமான மனிதர், கெடு முடிந்த பிறகுதான் கேட்டார். எங்களிடம் பணம் இல்லை. அடுத்த ஒத்திக்காரரைத் தேடினோம், பின்னறை ஒழுகுகிறது என்று சொல்லி அவர் 4 லட்சத்துக்கு மேல் ஏற மாட்டேன் என்றுவிட்டார். மீதி ஒரு லட்சத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது.

காலி செய்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. வாசலில் குட்டியானையில் பழையவர் வீட்டுப் பீரோவை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், புதியவர் மஞ்சப்பையில் கொண்டு வந்த ரூபாயை அடுப்படித் திண்டில் வைத்து அப்பா எண்ணி எண்ணி நேராகப் பழையவர் கையில் கொடுக்கிறார், ஒரு கட்டு எங்கள் கையில் ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. புதியவரின் பிள்ளைகள் அதற்குள் மொட்டை மாடிக்கு ஓடிவிட்டார்கள். அந்த வீட்டை நாங்கள் மீட்க இன்னும் ஐந்து வருஷம் ஆனது. ஒருவரை அனுப்ப இன்னொருவர், அவரை அனுப்ப மற்றொருவர் என்று போகிற இந்தச் சங்கிலிதான் ஒத்தியின் மறைமுகச் செலவு.

அன்று நாங்கள் செய்தது அத்தனையும் தப்பு என்பது பின்னால்தான் தெரிந்தது. சொத்து மாற்றுச் சட்டம் 1882இன்படி ஒத்தி ஓர் அடமானம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இப்படிப்பட்ட அடமானத்துக்குப் பதிவு செய்த பத்திரமும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம். பதியாத காகிதம் கொடுத்தவருக்கும் பாதுகாப்பில்லை, வாங்கியவருக்கும் பாதுகாப்பில்லை. பதிந்தால் முத்திரைக் கட்டணம் ஒத்தித் தொகையில் சதவீதக் கணக்கில் வரும், அதனால்தான் எல்லோரும் நழுவுகிறார்கள், அந்தச் செலவையும் உங்கள் வட்டிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பணத்தை ரொக்கமாகக் கைமாற்றியது இன்னொரு தப்பு. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாகவோ டெபாசிட்டாகவோ ரொக்கத்தில் வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். வாங்கினால் அபராதம் அந்தத் தொகை அளவுக்கே போகலாம். திருப்பிக் கொடுப்பதற்கும் இதே விதிதான். வங்கி வழியாகவே போகட்டும், வரட்டும்.

வாடகை வாங்காததால் வரியே இல்லை என்றும் இருந்துவிடாதீர்கள். வீட்டு வருமானத்தை, அந்த வீடு என்ன வாடகைக்குப் போகும் என்பதை வைத்தும் கணக்கிடலாம், ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஒத்தியில் உங்களுக்குச் சாதகமும் உண்டு, மறைக்கக் கூடாது. கடனைக் கட்டினால் சொத்தை மீட்கும் உரிமையை உங்களிடமிருந்து யாரும் எழுதி வாங்கிவிட முடியாது, ‘மூன்று வருஷத்தில் மீட்காவிட்டால் வீடு எனக்கே’ என்று பத்திரத்தில் எழுதினாலும் அது செல்லாது. ஒத்திக்கு வருகிறவர் மாசாமாசம் வாடகை பாக்கி வைக்கப் போவதில்லை, அடிக்கடி காலி செய்யவும் மாட்டார், தன் பணம் உள்ளே இருப்பதால் சின்னச் சின்ன ரிப்பேரைத் தானே பார்த்துக்கொள்வார். வெளியூரில் இருப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

மீட்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. பதிந்த ஒத்தி வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலில்) ஏறியிருக்கும், பணம் தீர்ந்தது என்று ரசீதுப் பத்திரம் போட்டு அதையும் பதிந்தால்தான் வில்லங்கம் தீரும். தாத்தா காலத்து ஒத்தி ஒன்று ரசீது போடாமல் விட்டுப்போய், பேரன் விற்கப் போகும்போது ஒத்தி வாங்கியவரின் வாரிசுகளை ஊர் ஊராகத் தேடுகிற கதைகள் நிறைய.

## விற்றுவிட்டால்

விற்பவருக்குச் செலவில்லை, பத்திரச் செலவெல்லாம் வாங்குகிறவருக்குத்தானே என்பார்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய். வாங்குகிறவர்தான் கட்டுகிறார், ஆனால் அதற்காகவே ‘அரசு வழிகாட்டி மதிப்புக்குப் பதிவோம், மீதியைக் கையில் தருகிறேன்’ என்று உங்களை நெருக்குவார். அப்படி வாங்கிய ரொக்கத்தை வங்கியில் போட முடியாது, நாளைக்கு அதே பணத்தில் வேறு வீடு வாங்கினேன் என்று வரிச் சலுகை கேட்கவும் முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் பெரிய செலவு மூலதன ஆதாய வரி, விற்ற லாபத்தின் மேல் கட்டுவது. பரம்பரையாக வந்த வீட்டுக்கு அப்பா வாங்கிய விலையும் அப்பா வாங்கிய தேதியும்தான் கணக்கு. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியது என்றால் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. நம் வீட்டின் மதிப்பு அன்று 6 லட்சம் என்று வையுங்கள். 2024 ஜூலை 23 முதல் ஆதாயத்தில் நேரடியாக 12.5 சதவீதம், அதாவது 54 லட்சத்துக்கு 6,75,000. அந்த 2024 ஜூலைத் தேதிக்கு முன் வாங்கிய சொத்து என்றால், உள்நாட்டில் வசிப்பவர் பழைய முறையில் விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். 2001-02இன் குறியீட்டை 100 என்று வைத்தால் 2025-26க்கான குறியீடு 376. 6 லட்சம் 22,56,000 ஆகிறது, ஆதாயம் 37,44,000, வரி 7,48,800. இந்த வீட்டுக்குப் புது முறையே லாபம். 2001க்குப் பிறகு நல்ல விலை கொடுத்து வாங்கிய வீடுகளுக்குப் பழைய முறை லாபமாக வரலாம், அதனால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். மேலே 4 சதவீத செஸ் தனி.

வரியைக் குறைக்க வழி உண்டு. ஆதாயத்தை வைத்து இரண்டு வருஷத்துக்குள் இன்னொரு வீடு வாங்கினாலோ மூன்று வருஷத்துக்குள் கட்டினாலோ விலக்கு. வாரிசுகள் அவரவர் பங்குக்குத் தனித்தனியாக இதைச் செய்யலாம். 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் விற்பனையில் வாங்குகிறவர் ஒரு சதவீதத்தை டிடிஎஸ்ஸாக, அதாவது முன்கூட்டிய வரியாக, பிடித்துக்கொண்டுதான் தருவார், அது உங்கள் கணக்கில் வரவாகும், பயப்பட வேண்டாம்.

துபாய் தம்பி விஷயம்தான் வேறு. வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு வாங்குகிறவர் பிடிக்க வேண்டிய டிடிஎஸ் இந்த ஒரு சதவீதத்தைவிட மிக அதிகம், தொகை 50 லட்சத்துக்குக் கீழே என்றாலும் பிடிக்க வேண்டும். மேலே சொன்ன பழைய முறைத் தேர்வும் அவருக்கு இல்லை. கையெழுத்துக்கு நேரில் வர முடியாது என்றால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பலாம், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திச் சரிசெய்ய வேண்டும். பவரை அக்கா பெயருக்கு எழுதுங்கள். புரோக்கர் பெயருக்கோ வாங்குகிறவரின் ஆள் பெயருக்கோ பொதுப் பவர் எழுதிக் கொடுப்பது, விற்கிறவர் செய்யக்கூடிய காரியங்களிலேயே மோசமானது. பவரை வைத்து வீடு கைமாறிவிட்டதாகப் பேசுவது உரிமை மாற்றமே ஆகாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முன்பண ஒப்பந்தத்தை அவசரப்பட்டுப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2012இன் கடைசியிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிந்தாக வேண்டும், அது வில்லங்கத்தில் ஏறும். வியாபாரம் முறிந்தால் இரண்டு பேரும் வந்து ரத்துப் பத்திரம் போட வேண்டும். அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வாங்குகிறவர் இழுத்தடித்தால் வேறு யாருக்கும் விற்க முடியாமல் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். கெடு தேதியையும், தவறினால் என்ன என்பதையும் தெளிவாக எழுதுங்கள். மூலப் பத்திரம் தொலைந்துபோயிருந்தால் விலை பேசும் முன்பே போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ சான்று என்று எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார்கள்.

## பூட்டியே வைத்தால்

யாரும் இதை ஒரு வழியாக எண்ணுவதில்லை, ஆனால் நிறையக் குடும்பங்கள் உண்மையில் செய்வது இதைத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொத்து வரி வருகிறது, கரையான் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர் சுவர் அரை அடி இந்தப் பக்கம் வருகிறது. மேலே சொன்ன பன்னிரண்டு வருஷக் கணக்கு உண்மையிலேயே பயப்பட வேண்டியது இங்கேதான், அனுமதி இல்லாமல் ஒருவர் நுழைந்து உட்கார்ந்துகொண்டு யாரும் கேட்காமல் விட்டுவிடும் இடத்தில்.

வாரிசுப் பேச்சு முடியும் வரை ஒரு வருஷம் பூட்டி வைப்பதில் தப்பில்லை. அதற்குமேல் என்றால் வாடகைக்காவது விடுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வாடகை | ஒத்தி | கிரயம் |
|---|---|---|---|
| உண்மையில் இது என்ன | வருமானம் | கடன் | விற்பனை |
| கைக்கு வருவது (நம் வீட்டுக்கு) | மாதம் 15,000 | ஒரே தடவை 12 லட்சம் | ஒரே தடவை 60 லட்சம் |
| கையில் நிற்பது | வருஷம் சுமார் 1,44,000, வரிக்கு முன் | எதுவும் இல்லை, முழுத் தொகையும் திரும்பப் போக வேண்டும் | வரியும் புரோக்கர் கமிஷனும் போக மீதி |
| மறைந்திருக்கும் செலவு | காலி மாதம், வெள்ளையடிப்பு, மின்கட்டணப் பாக்கி | பதிவுச் செலவு, அடுத்த ஒத்திக்காரரைத் தேடும் அலைச்சல், குறைந்த தொகை | ஆதாய வரி, வாரிசுப் பேப்பர்கள், முறிந்த ஒப்பந்தம் |
| வீடு திரும்பக் கிடைப்பது | ஒப்பந்தம் முடிந்ததும் | பணம் இருந்தால்தான் | கிடையாது |
| உள்ளூர் ஆள் தேவையா | கட்டாயம் | அவ்வளவாக இல்லை | பத்திரம் முடியும் வரை |
| எல்லா வாரிசும் வர வேண்டுமா | ஒப்புதல் வேண்டும் | கையெழுத்து வேண்டும் | கையெழுத்து வேண்டும் |

## யாருக்கு எது

அம்மா திரும்பிப் போக வாய்ப்பிருக்கிறது, ஊரில் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறார் என்றால் வாடகைதான், யோசிக்கவே வேண்டாம். கணக்கில் அது மெலிந்து தெரிந்தாலும் முடிவை மாற்றிக்கொள்ளும் வசதியை அது ஒன்றுதான் உங்களுக்கு விட்டுவைக்கிறது.

அதிக வட்டிக் கடன் கழுத்தை நெரிக்கிறது, ஆனால் மூன்று வருஷத்தில் பி.எஃப். வரும், சீட்டு முதிரும், ஒரு மனை விற்கும் என்று திருப்பிக் கொடுக்கிற பணம் எங்கிருந்து வரும் என்பது இப்போதே தெரியும் என்றால் ஒத்தி. அது தெரியாது, ‘அப்போ பாத்துக்கலாம்’ என்றால் ஒத்திக்குப் போகாதீர்கள். அந்தப் ‘பாத்துக்கலாம்’ எங்களுக்கு எட்டு வருஷம் ஓடியது. வீட்டின் மேல் வங்கிக் கடன் நிற்கிறது என்றால் வங்கியின் சம்மதம் இல்லாமல் ஒத்தி பேசவே கூடாது.

யாருக்கும் அந்த ஊர் தேவையில்லை, வாரிசுகள் மூன்று ஊரில் இருக்கிறார்கள், பேச்சுவார்த்தை இன்னும் நன்றாக இருக்கிறது என்றால் விற்றுவிடுங்கள். பேச்சுவார்த்தை நன்றாக இருக்கும்போதே என்பதை அழுத்திச் சொல்கிறேன். இன்றைக்கு ஐந்து கையெழுத்தில் முடிகிற காரியம், ஒருவர் இறந்து அவர் வாரிசுகள் உள்ளே வந்தால் ஒன்பது கையெழுத்து ஆகும், அதில் ஒருவர் மைனராக இருந்தால் அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வரைக்கும் போக நேரலாம்.

அந்த அக்காவிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டு, மொத்தம் எத்தனை வாரிசு என்று கேட்டேன். ‘அம்மா, நான், தம்பிங்க ரெண்டு பேரு, நாலு’ என்றார். அப்பாவின் அம்மா இருக்கிறாரா என்று கேட்டதும் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

‘அப்பத்தாவா? இருக்காங்க. திருமங்கலத்துல அத்தை வீட்டுல. எண்பத்தெட்டு வயசு, எந்திரிச்சு நடக்க முடியாது. அவங்க கையெழுத்துமா வேணும்?’

ஐந்தில் ஒரு பங்கு அவருடையது, வேண்டும் என்றேன். நடக்க முடியாதவர்களுக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழியிருக்கிறது, அதற்குத் தனியாக மனுப் போட்டுக் கட்டணம் கட்ட வேண்டும், அதனால் அவரை அலைக்கழிக்க வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

‘கையெழுத்து எங்க போட்டாங்க, கைநாட்டுதான்’ என்றவர், ‘ரெண்டு வருஷமா போய்ப் பாக்கவே இல்லைங்க’ என்றார். ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் அழைத்துக்கொண்டு திருமங்கலம் போகிறாராம்.